பச்சையாக நிற்கும் செடியைப் பொறுக்கினால் துரு தாங்கும் கோதுமை வந்துவிடுமா?

தாளவாடிப் பக்கம் கால் ஏக்கரில் சம்பா கோதுமை, அதை ஒட்டிக் கால் ஏக்கரில் சப்பாத்திக் கோதுமை போட்டிருக்கிறீர்கள். தை பிறந்ததும் சப்பாத்திக் கோதுமையில் இலையெல்லாம் துரு நோயின் செந்தூள், உள்ளே நடந்து வந்தால் வேட்டியில் காவிக் கறை. ஆனால் அதே வயலில் ஐந்தாறு செடி மட்டும் பச்சையாக நிற்கிறது. அதில் விதை எடுத்தால் துரு தாங்கும் ரகம் கிடைக்குமா, நீலகிரி வெலிங்டன் ஆராய்ச்சி நிலையத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி.

வாங்கியது ஒரே ரகத்தின் சுத்த விதை என்றால் அநேகமாகக் கிடைக்காதுங்க. கோதுமை தன் மகரந்தத்தாலேயே சூல் பிடிக்கும் பயிர். நூறு பூவில் ஒன்றுக்கு அயல் மகரந்தம் ஏறினாலே அதிகம். அதனால் ஒரு ரகத்தின் செடிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. அந்தக் கூட்டத்தில் ஒன்று பச்சையாக நிற்கிறதென்றால், துருத்தூள் அதன்மேல் சரியாக விழாமல் தப்பியிருக்கலாம். வரப்போரம் காற்றடித்துப் பனி சீக்கிரம் காய்ந்த இடமாக இருக்கலாம். பிந்தி முளைத்து இன்னும் இளசாக இருக்கலாம். அல்லது வேறு ரகத்தின் விதை கலந்து வந்திருக்கலாம். கடைசியாகச் சொன்னது மட்டும்தான் நமக்கு உதவும். அதைக் கண்டுபிடிப்பது எளிது. செடியின் உயரம், மீசையின் நீளம், உமியின் நிறம், கதிர் வந்த நாள், இவற்றில் ஏதாவது ஒன்றாவது பக்கத்துச் செடியிலிருந்து மாறியிருக்கும். எதுவும் மாறவில்லை என்றால் அது பெரும்பாலும் தப்பிய செடிதான். அடுத்த வருஷம் அதன் பிள்ளைகளும் செந்தூள் பூசிக்கொண்டு நிற்கும்.

சம்பா கதை வேறு. கைமாறிக் கைமாறி வந்த பழைய விதையில் பல மரபு வரிசைகள் கலந்து கிடக்கும். அங்கே பொறுக்கிப் பிரிப்பதற்கு உண்மையிலேயே சரக்கு இருக்கிறது.

முதலில் வந்திருப்பது எந்தத் துரு என்று தெரிந்தாக வேண்டும். மூன்று இருக்கிறது, மூன்றும் வேறு வேறு பூசணம். இலையின் மேல்புறம் வட்டமாக, சிதறலாக, செங்கல் தூள் நிறத்தில் இருந்தால் பழுப்புத் துரு. தண்டிலும் இலையுறையிலும் நீளமான பெரிய கொப்புளமாக வந்து, தோல் கிழிந்து விளிம்பு தூக்கிக்கொண்டு, விரலால் தடவினால் சொரசொரப்பாகத் தெரிந்தால் தண்டுத் துரு; முற்றும்போது கறுத்துவிடுவதால் கருந்துரு என்றும் பெயர். இலை நரம்போடு நரம்பாகத் தையல் போட்ட மாதிரி மஞ்சள் புள்ளிகள் வரிசை கட்டினால் மஞ்சள் துரு. மஞ்சளுக்கு 10 முதல் 15 டிகிரி குளிர் வேண்டும், ஊட்டிப் பக்கம் வரும், உங்கள் உயரத்தில் நிலைப்பது கடினம். பழுப்புக்கு 20 டிகிரியை ஒட்டிய இதம் போதும். தண்டுத் துரு அதற்கு மேலும் வெக்கை தாங்கும். தூள் விரலில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது இலைப்புள்ளி நோய், துரு அல்ல. மூன்றுக்கும் பொதுவான தேவை ஒன்றுண்டு: இலைமேல் ஆறு முதல் எட்டு மணி நேரம் பனி நிற்க வேண்டும். தூள் முளைத்து, இலைத்துளை வழியே உள்ளே போய், ஏழு முதல் பத்து நாளில் பழுப்பும் கருந்துருவும் புதுக் கொப்புளம் வெடிக்கும். ஒவ்வொரு கொப்புளமும் ஆயிரக்கணக்கில் தூள் விடும். தை மாதத்து இரண்டு வாரப் பனி ஒரு வயலை முடித்துவிடுவது இப்படித்தான்.

இனி எதிர்ப்பு என்பது என்ன என்று பார்ப்போம். துருப்பூசணம் உயிருள்ள திசுவில்தான் பிழைக்கும். செத்த இலையில் அதற்குச் சோறு இல்லை. பெரும்பாலான எதிர்ப்பு மரபணுக்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. பூசணம் உள்ளே ஊசி போட்ட உடனே செடி அதை அடையாளம் கண்டு, அந்த இடத்துச் செல்லைத் தானே சாகடித்துவிடும். ஊசிமுனை அளவு வெளிறிய புள்ளி மட்டும் மிஞ்சும், தூள் வராது. இந்தக் காவல்காரன் கெட்டிக்காரன்தான், ஆனால் அவனுக்கு ஒரு திருடனின் முகம் மட்டுமே தெரியும். பூசணத்தில் ஒரு சிறு மாற்றம் வந்து முகம் மாறினால், பக்கத்தில் நடந்து போனாலும் தெரியாது. 1905-இல் இங்கிலாந்தில் பிஃபன் என்ற ஆய்வாளர் மஞ்சள் துரு எதிர்ப்பு மெண்டல் விதிப்படி இறங்குகிறது என்று காட்டியதிலிருந்து இன்றுவரை இந்த இனவிருத்தியின் வரலாறு முழுக்க இந்த முகமாற்றத்தின் வரலாறுதான். கோதுமையின் பங்காளியான ரை என்ற பயிரிலிருந்து வந்த எஸ்.ஆர். 31 என்ற மரபணு, தண்டுத் துருவைப் பல ஆண்டுகள் உலகமெங்கும் அடக்கி வைத்திருந்தது. 1998-இல் உகாண்டாவில் அதை மீறும் இனம் தென்பட்டது; யு.ஜி. 99 என்று பெயர் வைத்தார்கள். அதற்கு மாற்றாக நம்பியிருந்த எஸ்.ஆர். 24-ஐ மீறும் வாரிசு 2006-இல் கென்யாவில் வந்துவிட்டது. வட இந்தியாவில் பல லட்சம் ஏக்கரில் நின்ற பி.பி.டபிள்யூ. 343 ரகமும் மஞ்சள் துருவிடம் இப்படித்தான் விழுந்தது.

இன்னொரு வகை எதிர்ப்பு உண்டு. அது திருடனைத் தடுக்காது, அவன் நடையை மெதுவாக்கும். கொப்புளம் வரும், ஆனால் பிந்தி வரும், சிறிதாக வரும், எண்ணிக்கை குறைவு, தூளும் குறைவு. எல்.ஆர். 34, எல்.ஆர். 46, எஸ்.ஆர். 2 ஆகிய மரபணுக்கள் இந்த வகை (பெயரில் எஸ்.ஆர். என்றால் தண்டுத் துரு, எல்.ஆர். என்றால் இலையில் வரும் பழுப்புத் துரு). எல்.ஆர். 34 ஒரு நூற்றாண்டாகப் பயிரில் இருக்கிறது, அதை முழுதாக மீறிய துரு இனம் இன்னும் வரவில்லை. மேலும் அது பழுப்பு, மஞ்சள், கருந்துரு, சாம்பல் நோய் நான்கையும் ஓரளவு மட்டுப்படுத்தும். எஸ்.ஆர். 2 வந்ததே உங்கள் சம்பாவின் உறவிலிருந்துதான்: அமெரிக்காவில் மெக்ஃபாடன் என்பவர் யாரோஸ்லாவ் என்ற எம்மர் கோதுமையை ரொட்டிக் கோதுமையோடு சேர்த்து எடுத்த ஹோப் என்ற வரிசை வழியாக அது உலகெங்கும் பரவியது. நம் சம்பா எம்மர் இனம்தான்.

ஆகவே என் அபிப்பிராயம் இது: பொறுக்கும்போது ஒரு புள்ளிகூட இல்லாத செடியை மட்டும் தேடாதீர்கள். அங்கங்கே கொப்புளம் இருந்தும் கண்ணாடி இலை (கதிருக்கு அடியில் வரும் கடைசி இலை) முடிவு வரை பச்சையாக நின்று, மணி திரண்டு முற்றிய செடிதான் பத்து வருஷம் கழித்தும் உங்களுக்குக் கைகொடுக்கும். இலை நுனி ஓரிரு அங்குலம் காய்ந்த மாதிரி இருந்தால் உடனே நோய் என்று தள்ளிவிட வேண்டாம். எல்.ஆர். 34 உள்ள செடியில் கண்ணாடி இலையின் நுனி அப்படித்தான் காயும். எஸ்.ஆர். 2 உள்ள செடியில் உமியிலும் கணுவுக்குக் கீழும் கறுப்புப் படலம் வரும், பார்க்க அசிங்கமாக இருக்கும். அழகான கதிரைத் தேடும் கண் இந்த இரண்டையும்தான் முதலில் கழித்துக் கட்டும்.

வெலிங்டனுக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி, குன்னூரைத் தாண்டினால் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கிளை நிலையம். டெல்லிக் கழகம் கோதுமைக்கு இங்கே ஏன் வர வேண்டும்? வட இந்தியச் சமவெளியில் கோடை வெயில் துருத்தூளைக் கொன்றுவிடுகிறது. ஒவ்வொரு பருவமும் நோய் மலையிலிருந்துதான் இறங்க வேண்டும் என்று ஆக்ராவில் ஆராய்ந்த கே.சி. மேத்தா நிறுவினார். நீலகிரியிலும் பழனி மலையிலும் தானாக முளைத்த கோதுமைச் செடிகளிலேயே துரு வருஷம் முழுக்க உயிரோடு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலத்தின் காற்று இந்தத் தூளைத் தூக்கிப் போய் மத்திய இந்தியாவில் மழையோடு இறக்கும். 1970-களில் எஸ். நாகராஜனும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்த வழித்தடத்தை விவரித்தார்கள். ஆகவே இந்த மலையில் நிற்கும் கோதுமை துரு தாங்கினால் மத்தியப் பிரதேசத்து வயலுக்கும் நிம்மதி. இன்னொரு வசதி, மூன்று துருவும் இங்கே இயற்கையாகவே வரும், வருஷத்துக்கு இரண்டு பயிர் எடுக்கலாம். வடக்கே குளிர்காலப் பயிரில் எடுத்த விதையைக் கோடையில் இங்கே விதைத்து ஒரு தலைமுறையை மிச்சம் பிடிப்பார்கள்.

ஒட்டு கட்டும் வேலையை நெருங்கிப் பார்த்தால் பொறுமைதான் முக்கால்வாசி. தாய்ச் செடியில் கதிர் தொண்டையை விட்டு வெளியே வந்து, மகரந்தப்பை இன்னும் பச்சையாக இருக்கும்போது பிடிக்க வேண்டும். மஞ்சளித்துவிட்டால் காரியம் கெட்டது; உள்ளேயே சூல் பிடித்திருக்கும். கதிரின் மேலும் கீழும் உள்ள சிறுகதிர்களைக் கிள்ளி, நடுவில் பத்துப் பன்னிரண்டை மட்டும் விடுவார்கள். ஒவ்வொரு சிறுகதிரிலும் நடுப்பூக்களை இடுக்கியால் பிடுங்கி, இரு ஓரத்துப் பூக்களை மட்டும் வைப்பார்கள். உமியின் நுனியில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்தால் உள்ளே மூன்று மகரந்தப்பைகள் தெரியும். மூன்றையும் நசுக்காமல் எடுக்க வேண்டும். ஒன்று உடைந்தாலும் அந்தப் பூவைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இடுக்கியைச் சாராயத்தில் முக்கித் துடைத்த பிறகுதான் அடுத்த பூ. இறகு போன்ற சூல்முடியைத் தொட்டுவிடக் கூடாது. முடித்ததும் பட்டர் பேப்பர் உறை மாட்டி, தேதி எழுதிய சீட்டுக் கட்ட வேண்டும்.

இரண்டு முதல் நான்கு நாளில் சூல்முடி விரிந்து பஞ்சாகும். தந்தை ரகத்தில் பூ வெடிக்கத் தயாராக இருக்கும் கதிரை வெட்டி, உமி நுனியைக் கத்தரித்து, வெயிலில் சில நிமிஷம் பிடித்தால் மகரந்தப்பைகள் தலை நீட்டும். அதை உறைக்குள் தலைகீழாக விட்டு, உள்ளங்கையில் மத்து உருட்டுவது போல் உருட்டினால் தூள் கொட்டும். கோதுமை மகரந்தத்துக்கு அரை மணி நேரம்கூட ஆயுள் இல்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்ப் போடும் சரக்கு அல்ல அது. ஒரு கதிரில் இருபது பூ விட்டால் பத்துப் பதினைந்து மணி பிடிப்பது நல்ல கை. மணி சுருங்கி இருக்கும், பயப்பட வேண்டாம், முளைக்கும்.

சம்பாவையும் சப்பாத்திக் கோதுமையையும் நீங்களே ஒட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் ஓர் எச்சரிக்கை. சம்பாவுக்கு 28 குரோமோசோம், மற்றதற்கு 42. பிறக்கும் பிள்ளைக்கு 35. ஜோடி சேராத 7 நடுவில் தவிப்பதால் கதிரில் பெரும்பாலும் கருக்காய்தான். ஆய்வு நிலையங்கள் இந்தத் தடையைத் தாண்டுகின்றன, வயலில் அது வீண் உழைப்பு. சம்பாவுக்குள்ளேயே சம்பாவைப் பாருங்கள். சம்பா உயரமாகி மழையில் சாய்வதுதான் குறை என்றால், வெலிங்டன் தந்த குட்டைச் சம்பா எச்.டபிள்யூ. 1098 இருக்கிறது, நீலகிரி கப்ளி என்று பெயர்.

நல்ல ரகம் ஒன்றுக்குத் துரு எதிர்ப்பு மட்டும் குறை என்றால் பிற்கலப்பு செய்வார்கள். வெளி இரத்தம் கலந்த கன்றை மறுபடி மறுபடி காங்கேயம் காளைக்கே சேர்ப்பது போலத்தான். எதிர்ப்பு உள்ள ரகத்தோடு ஒரு முறை ஒட்டி, வரும் பிள்ளையைப் பழைய நல்ல ரகத்தோடே திரும்பத் திரும்ப ஒட்ட வேண்டும். முதல் பிற்கலப்பில் 75 சதம் பழைய ரகம் திரும்பும், பிறகு 87.5, 93.75, ஐந்தாவதில் 98-க்கு மேல். ஒவ்வொரு முறையும் பாதிச் செடிதான் எதிர்ப்பு மரபணுவைச் சுமக்கும். ஐந்து செடி வளர்த்தால் அதில் ஒன்றாவது சுமக்க 97 சதம் வாய்ப்பு. கடைசியில் ஒரு முறை தானே சூல் பிடிக்க விட்டு, இரட்டையாக (தாய்வழி, தந்தைவழி இரண்டிலும்) மரபணு ஏறியதைப் பிரித்தெடுப்பார்கள். சப்பாத்திக்குப் பேர்போன சி. 306 துருவுக்குச் சீக்கிரம் விழும். அதில் எஸ்.ஆர். 24, எல்.ஆர். 24 இரண்டையும் இப்படி ஏற்றி வெலிங்டன் எடுத்ததுதான் எச்.டபிள்யூ. 2004. அந்தப் பெயரில் உள்ள டபிள்யூ வெலிங்டன். இந்த இரு மரபணுக்களும் ஒரு காட்டுப்புல்லிலிருந்து ஒரே துண்டாக வந்தவை, கூடவே சிவப்பு மணியும் ஒட்டிக்கொண்டு வந்தது. சிவப்புக் கோதுமையை நம் சந்தையில் யார் வாங்குவார்கள்? அந்த ஒட்டை அறுத்து வெள்ளை மணி கொடுக்கும் வரிசை கிடைத்த பிறகுதான் இந்தியாவில் அது பயன்பட்டது.

ஒரு காவல்காரன் போதாது என்பதால் இப்போது இரண்டு மூன்று மரபணுக்களை ஒரே செடியில் அடுக்குகிறார்கள். கணக்கு இங்கேதான் கடிக்கும். இரண்டு மரபணு இரட்டையாக ஏறிய செடி இரண்டாம் தலைமுறையில் 16-க்கு ஒன்று. அதைத் தவறவிடாமல் இருக்க 95 சதம் உறுதி வேண்டுமானால் 47 செடி வளர்க்க வேண்டும். மூன்றுக்கு 64-இல் ஒன்று, 191 செடி. நான்குக்கு 256-இல் ஒன்று, 766 செடி. இருபது செடி வைத்துக்கொண்டு எதுவும் அமையவில்லை என்று அலுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. அது போக, பலமான ஒன்று முன்னால் நின்றால் பின்னால் மற்றவை இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. செடி எப்படியும் சுத்தமாகத்தான் தெரியும். அதற்குத்தான் இலைத் துண்டில் டி.என்.ஏ. அடையாளம் பார்க்கிறார்கள்.

மதிப்பெண் போடுவதில் இரண்டு கட்டம். நாற்றுச் சோதனையில், முதல் இலை விரிந்த நாற்றில் துருத்தூளைத் தூவி, ஈர அறையில் ஓர் இரவு வைத்து, இரண்டு வாரத்தில் 0 முதல் 4 வரை மதிப்பிடுவார்கள். 2 வரை தாங்கும், 3-ம் 4-ம் தாங்காது. இதில் தோற்றதைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. நடையை மெதுவாக்கும் மரபணுக்கள் நாற்றில் தூங்கும், வளர்ந்த செடியில்தான் விழிக்கும். வெப்பமும் ஏமாற்றும்: எஸ்.ஆர். 6 என்ற மரபணு 18, 20 டிகிரியில் காவல் காக்கும், 25-ஐத் தாண்டினால் கைவிடும்.

வயலில் கண்ணாடி இலையைப் பார்த்துத் துருவின் அளவை நூற்றுக்கு இவ்வளவு என்றும், கொப்புளத்தின் தன்மையையும் எழுதுவார்கள். தாங்கும் வகைக்கு 0.2, ஓரளவு தாங்குவதற்கு 0.4, ஓரளவு விழுவதற்கு 0.8, முழுதாக விழுவதற்கு 1 என்று பெருக்க வேண்டும். 40 சதம் துரு, ஓரளவு விழும் வகை என்றால் மதிப்பு 32. ஒரே நாள் பார்ப்பது போதவே போதாது. ஏழு நாளுக்கொரு முறை நான்கு முறை பாருங்கள். ஒரு வரிசையில் 5, 10, 20, 30 என்று ஏறுகிறது, இன்னொன்றில் 5, 40, 80, 90 என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த இரண்டின் சராசரியை ஏழால் பெருக்கிக் கூட்டினால் முதலாவதுக்கு 332.5, அடுத்ததற்கு 1172.5. முதல் வாரம் இரண்டும் 5-தான். அன்று பார்த்துவிட்டுப் போனவருக்கு இரண்டும் ஒன்று.

வயலில் என்ன செய்யலாம்? இந்த மாசி, பங்குனியிலேயே சம்பாவில் அறுபது கதிர் தனித்தனியாக எடுங்கள்: சுத்தமானது பத்து, மெதுவாகத் துரு ஏறி மணி திரண்டது ஐம்பது. சப்பாத்திக் கோதுமையில் உருவம் மாறி நின்ற செடி இருந்தால் அதையும் தனியே எடுங்கள். ஒவ்வொரு கதிரின் விதையில் பாதியைக் காகித உறையில் எண் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். வரிசை ஆடு மேய்ந்து போனாலும் மிச்சம் இருக்கும். ஐப்பசிக் கடைசியில் ஒரு கதிருக்கு ஒரு வரிசை, வரிசைக்கு வரிசை 20 செ.மீ., விதைக்கு விதை 5 செ.மீ. இருபது வரிசைக்கு ஒன்றும், பாத்தியைச் சுற்றிலும் அந்தத் துரு பிடித்த சப்பாத்திக் கோதுமையையே விதையுங்கள். அதுதான் உங்கள் நோய்ப் பண்ணை. அது சிவக்காத வருஷம் மற்ற வரிசைகளைப் பற்றி ஒன்றும் முடிவு செய்ய முடியாது. துருத்தூளைச் சேகரித்துத் தெளிக்கும் வேலை வேண்டாம், அக்கம்பக்கத்து வயலுக்கு நாமே நோய் கொண்டுபோனதாகும். இந்தப் பாத்தியில் பூசணக்கொல்லி கூடாது. பக்கத்தில் சாப்பாட்டுக்குப் போட்ட வயலில் துரு தொடங்கியதும் புரோப்பிகோனசோல் 25 ஈ.சி. லிட்டருக்கு ஒரு மில்லி தெளிக்கலாம், ஆனால் சாரல் இந்தப் பக்கம் அடிக்காத காற்றில். தழைச்சத்தைக் குறைத்துப் போட்டால் துருவும் குறைந்து தெரியும். ஆகவே எல்லா வரிசைக்கும் ஒரே அளவு, வழக்கமான அளவு.

கதிர் வந்த தேதியை வரிசைவாரியாக எழுதுங்கள். பத்து நாள் பிந்திய வரிசை சுத்தமாகத் தெரிவது தாங்கும் திறனால் அல்ல, வயசால். வரிசைக்குள்ளேயே பாதிச் செடி விழுந்து பாதி நின்றால் அது இன்னும் பிரிந்துகொண்டிருக்கிறது, நல்ல செடியை மட்டும் எடுத்து மறுபடி கதிருக்கு ஒரு வரிசை. இப்படி மூன்று பருவம், அதில் குறைந்தது இரண்டு துரு பலமாக வந்த பருவமாக இருக்க வேண்டும். ஆயிரம் மணியின் எடையையும் பாருங்கள்: துரு இல்லாமலே மணி சிறுத்த வரிசை நமக்கு வேண்டாம். கடைசியில் ஒரே வரிசையைப் பிடித்துப் பெருக்காமல், நான்கைந்தைக் கலந்தே விதையுங்கள். சோதனை வரிசை கேட்பதற்கும் நோயை உறுதி செய்வதற்கும் உங்களுக்குப் பக்கத்தில் கோபிசெட்டிபாளையம் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. துரு பிடித்த இலையைக் கொண்டுபோனால் பாலிதீன் பையில் அடைக்காதீர்கள், வேர்த்து அழுகிவிடும். காகித மடிப்பில் நிழலில் உலர்த்தி, ஊர், ரகம், தேதி எழுதிக் கொடுங்கள்.